மருமகளுக்கு, அந்த வளையல் பற்றி

மல்லாங்கிணறு
மாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது. உங்கப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. போனில் அவன் சொல்கிற அளவுக்கு இல்லை, நீ அதை நினைத்துக்கொண்டு கிடக்காதே.

நீ அனுப்பிய வளையல் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. விமானம், காப்பிக் கோப்பை, நாய்க்குட்டியின் பாதம், நட்சத்திரம், உன் பெயரின் முதல் எழுத்து என்று ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தொங்குகின்றன. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அது வெறும் வளையல். மாசி முடிவதற்குள் இனிமேல் கோக்க இடமில்லை என்கிறாய். அத்தனை விசேஷமா தாயி நடந்துவிட்டது இதற்குள்? எனக்குத் தெரிந்து நடந்தது உனக்குப் பேசியிருந்த சம்பந்தம் கலைந்தது ஒன்றுதான். அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மனசு சரியில்லாத ராத்திரிகளில் ஒவ்வொன்றாக வாங்கிக் கோக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி இல்லையென்றால் எனக்குச் சந்தோஷம்.

இப்போது என் பீரோவில் இருக்கிற அப்பத்தாவின் வெள்ளிச் சாமான்களை உருக்கி, புதிதாக ஒரு இதயமும் ஒரு மயிலிறகும் செய்து தரக் கேட்கிறாய். கறுத்துப்போய்ச் சும்மாதானே கிடக்கிறது என்கிறாய். அதில் உனக்குப் பாத்தியதை உண்டு, நான் மறுக்கவில்லை. முடிவும் உன்னுடையதுதான். அதற்கு முன் நான் சொல்வதையும் கேட்டுக்கொள்.

சும்மா கிடப்பது உங்கப்பாவின் அரைஞாண். அதில் கிடக்கிற நாய்க்காசு, பிள்ளை தூக்கத்தில் பயந்து அலறக் கூடாது என்று கட்டியது. பக்கத்தில் இருக்கிற தாயத்துக்குள் அவனுடைய தொப்புள்கொடி இருக்கிறது. உருக்க வேண்டுமானால் முதலில் அந்தத் தாயத்தை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொட்ட வேண்டும். அதைச் செய்யச் சொல்லி ஆசாரியிடம் என் கையால் எப்படிக் கொடுப்பேன் என்று நீயே சொல்.

அம்மா, அதாவது உன் அப்பத்தா, நடந்து முடியாத எதற்கும் உரு வாங்கியதில்லை. உங்கப்பாவுக்கு அம்மை போட்டு இமை ஒட்டிக் கிடந்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொண்டாள். கண் திறந்த பிறகுதான் அதை வாங்கினாள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற அந்தக் கரைக்கு ஆடி வெள்ளிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் செலுத்திவிட்டு வந்தாள். காரியம் முதலில், உரு பிறகு. நான் பார்த்து வளர்ந்த வழக்கம் இது.

தாலிக்கொடியிலும் அப்படித்தான் சேர்த்தாள். தாலி பிரித்துக் கோத்த அன்றைக்கு இரண்டு குண்டும் கொஞ்சம் பவளமும். உங்கப்பா பிறந்த வருஷம் மாங்காய். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம் லட்சுமிக் காசு. எல்லாம் தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த பணம். குரோஸ் கணக்குக்குத்தான் கூலி, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பசை காய்ந்த விரலால் ஒவ்வொரு உருவையும் தொட்டு, இது இன்ன வருஷம், இது இன்னார் பிறந்தபோது என்று எனக்குச் சொல்லுவாள். வீட்டுக்கு வேறு குறிப்புப் புத்தகம் கிடையாது.

தாத்தா போன பிறகு அந்த உருக்களை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவளும் போய்ப் பதினாறு முடிந்த மறுநாள் நடுவீட்டில் தராசு வந்தது. யார் கொண்டுவந்தது என்று எழுத வேண்டியதில்லை, நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எத்தனை பவுன் என்று கேட்டார்களே தவிர எது எதற்கு வந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை. உருக்கி ஒரே சங்கிலியாகச் செய்தார்கள். எனக்குப் பங்கு வேண்டாம், அந்த லட்சுமிக் காசை மட்டும் அப்படியே கொடுங்கள் என்றேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் என்ன பேச்சு என்றார்கள். அந்தச் சங்கிலியும் அடகுக்குப் போய் முழுகிப்போனது. நான் தேறிய வருஷத்துக்கு அம்மா வைத்த அடையாளம் இன்றைக்கு எவர் கழுத்தில் என்னவாகக் கிடக்கிறதோ. நகை போனதற்காக நான் அழவில்லை மருமகளே. உரு போய்விட்டால் வெறும் எடைதான் மிஞ்சும், அந்த எடையிலிருந்து எந்தக் கதையையும் திரும்ப எடுக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய பாடம் ஒன்றும் இந்த நேரத்தில் ஞாபகம் வருகிறது. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றில் பாடுகிறார். போர்க்களத்துக்கு வந்து நிற்கிறான், ஆனால் சின்ன வயதில் கட்டிய தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்கிறார். அது ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சின்னச் சின்னதாகச் செய்து பிள்ளைகளுக்குக் காப்பாகக் கட்டுவது. அந்தப் பாண்டியன் கடைக்குப் போய்த் தனக்காக வாங்கி மாட்டிக்கொண்டானா? அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் கட்டியது. உனக்கும் பெயர் வைத்த அன்று வசம்பும் கருமணியும் கோத்து உன் கையில் நான்தான் கட்டினேன். உன்னுடைய முதல் வளையல் அதுதான்.

இது நம் பக்கத்து வழக்கம் மட்டும் என்று நினைக்காதே. 1840-இல் மூத்த பெண் பிறந்தபோது விக்டோரியா மகாராணிக்கு அவர் கணவர் ஆல்பர்ட் ஒரு தங்க வளையல் கொடுத்தார். அதில் எனாமல் பூசிய சின்ன இதயம் ஒன்று, உள்ளே குழந்தையின் முடி. பிறகு பிள்ளை பிறக்கப் பிறக்க வேறு வேறு நிறத்தில் ஒவ்வொரு இதயமாகச் சேர்ந்தது. ஒன்பது பிள்ளைகள், ஒன்பது இதயங்கள். கடைசிப் பெண் பிறந்தது 1857-இல். கேட்டதெல்லாம் அன்றைக்கே கிடைக்கிற ராணிக்கு ஒரு வளையல் நிரம்பப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது. பண்டோரா என்கிற டென்மார்க் கம்பெனி 2000-இல் இப்படிக் கோக்கிற வளையலைக் கொண்டுவந்தது என்று நீதான் எனக்குச் சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் கடையில் எல்லாம் தயாராகத் தொங்குவதால் நடப்பதற்கு முன்னாலேயே வாங்கிவிடுகிறோம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கறுப்பைப் பற்றிச் சொன்னாயே, அது வெள்ளியில் கந்தகம் பட்டால் வருவது. காற்றில் இருக்கிற துளிக் கந்தகமே போதும். வெடியுப்பு, கரி, கந்தகம் என்று புழங்குகிற நம் சிவகாசிப் பக்கத்து வீடுகளில் கொலுசு கறுப்பது புதிதா? திருநீறு போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். உன் சின்ன அத்தை பட்டாசு ஆலைக்குப் போன காலத்தில் வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு மூளிக் கையோடுதான் போவாள். கழற்றி வைத்ததால் அவள் எதையும் மறந்துவிடவில்லை. எல்லாவற்றையும் கையில் மாட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை.

வாங்கத்தான் போகிறாய் என்றால் இதையும் மனசில் வை. 2 கிராமுக்குக் குறைந்த தங்க உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. பொடிப்பொடித் தொங்கல்கள் அந்த எடைக்குள்தான் வரும். ஆகையால் எத்தனை காரட், எத்தனை மில்லி என்று பில்லில் எழுதி வாங்கு. உருக்கிச் செய்தால் சேதாரம், செய்கூலி இரண்டும் தலையில் விழும். தொங்கலை மாட்டுகிற குட்டி வளையத்தைச் சும்மா நெருக்கி விடுவார்கள். அதைப் பற்றவைத்து மூடச் சொல். இல்லாவிட்டால் துப்பட்டாவில் மாட்டி என்றைக்கு விழுந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், எடுப்பதும் விடுவதும் உன் பாடு. இருக்கிறதில் உனக்கே எதற்கென்று சொல்லத் தெரியாதவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் வை. அந்த நட்சத்திரம் எதற்கு? நீ சொல்லவே இல்லை. வளையலில் பாதி காலியாகவே இருக்கட்டும். அந்த நாய்க்காசை உருக்காமல், தேய்த்து, ஒரு வளையம் மட்டும் பற்றவைத்து அதில் மாட்டித் தருகிறேன். தாயத்தை மட்டும் நான் தரமாட்டேன். அது உங்கப்பா இருக்கும்வரை இந்த வீட்டில்தான் இருக்கும்.

அத்தை இவ்வளவு எழுதிவிட்டாளே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளாதே என் தங்கமே. உன் கைக்கு அந்த வளையல் அவ்வளவு பொருத்தம். விமானம் ரொம்ப லட்சணம். நம் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறியவள் நீதானே, அதைக் கழற்றவே கழற்றாதே. காப்பிக் கோப்பையும் இருக்கட்டும், சின்ன வயதில் என் டம்ளரில்தான் வாய் வைப்பாய். உன் சம்பாத்தியம், உன் கை, நீ என்ன கோத்தாலும் எனக்கு அழகுதான். நேரில் வந்து பார்த்த பிறகும் உருக்கத்தான் வேண்டும் என்றால் ஆசாரி கடைக்கு நானே உன்னோடு வருகிறேன். பங்குனிப் பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு வா. விருதுநகரில் அக்னிச்சட்டி பார்த்து எத்தனை வருஷமாகிறது உனக்கு. அந்தச் சம்பந்தத்து வீட்டார் விஷயத்தை யாரும் உன்னிடம் எடுக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெங்களூர் கிளம்புகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பால்கோவாவை முதலில் தீர்த்துவிடு, இருந்தால் கெட்டுவிடும். தூக்கம் வராத ராத்திரியில் எதையும் வாங்காதே, என்னைக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன் அத்தை