அம்மியைப் பறக்கவிடும் காற்று மின்சாரம் தருமா?

சேலம், நாமக்கல் பக்கம் வீட்டு மாடியில் சின்னக் காற்றாலை வைத்து மின்கட்டணத்தைக் குறைக்கலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கைபேசிக்கு ஒரு காணொளி வரும். மொட்டைமாடியில் மூன்று இறக்கை சுழலும். "நாளைக்கு 5 யூனிட், ஆயுசுக்கும் இலவசம்" என்று ஒரு குரல் சொல்லும். அதை நம்பி விசாரிப்பவர்களில் பலர் சேமிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தினர். அவர்களுக்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சமவெளியில் மாடிக் காற்றாலை வேண்டாம். அதற்கான காரணங்களை, நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றை வைத்தே பார்ப்போம்.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், நம் ஊரில் காற்றுக்கா பஞ்சம்?"

ஆடியில் காற்று வீசுவது உண்மை. கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் குலை தள்ளிய வாழையை ஒரே மாலையில் சாய்த்துவிட்டுப் போவதும் உண்மை. அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, இவ்வளவு வேகமும் வீணாகிறதே என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூறை நீடிப்பது சில நிமிடங்கள். அந்த வேகத்தில் காற்றாலை இறக்கையைக் காற்றின் போக்கிலிருந்து திருப்பிக்கொள்ளும், அல்லது பிரேக் போட்டு நின்றுவிடும். இல்லையென்றால் இறக்கை முறிந்துவிடும்.

மின்சாரத்தைத் தீர்மானிப்பது ஆண்டு முழுக்க வீசும் காற்றின் அளவு. இதில் ஒரு கடுமையான விதி இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். வினாடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் இருக்கிறது. வினாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பது 15 வாட் அளவே. "1 கிலோவாட் காற்றாலை" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 11, 12 மீட்டர் வேகத்துக்கான கணக்கு. அந்த வேகத்தில் விடாமல் காற்றடித்தால் நம் வீட்டுக் கொடியில் துணி காயப்போட முடியாது.

நம் வீட்டு உயரத்தில் ஆண்டுச் சராசரி வேகம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரமும் வீடும் நெருங்கிய இடத்துக்கு இது தாராளமான கணக்கு. இறக்கை வட்டத்தின் விட்டம் 3 மீட்டர், அவ்வப்போது கூடி வீசும் காற்றையும் சேர்த்துக்கொள்வோம். அப்படியும் ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் 1 யூனிட். காணொளி சொல்லும் 5 யூனிட் வேண்டுமானால் 20 அடிக்குக் குறையாத விட்டம் வேண்டும். அதை எந்த மாடியில் வைப்பது? காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். சிறு காற்றாலைகள் அதில் பாதியை எட்டுவதே கடினம்.

"உடுமலையில் சுற்றுகிறதே, இங்கே ஏன் சுற்றாது?"

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. இந்தப் பெருமை ஊருக்கு ஊர் சமமாகப் பரவியதல்ல. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் வாயில்தான் பெரும்பகுதி குவிந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டும் பருவக்காற்று, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலுள்ள பாலக்காட்டு இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அது பாய்ந்து வருவதால் அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கிழக்கே வர வர நிலம் விரிகிறது, காற்றும் பரவித் தளர்கிறது. சேலத்தைச் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை எனக் குன்றுகள் சூழ்ந்திருக்கின்றன. நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை எழுந்து நிற்கிறது. நம் சமவெளி எந்தக் கணவாயின் வாயிலும் இல்லை.

இன்னொன்று உயரம். இன்றைய பெரிய காற்றாலைகளின் அச்சு தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கிறது. வெட்டவெளியிலேயே 10 மீட்டர் உயரத்தைவிட 100 மீட்டரில் காற்றின் ஆற்றல் இரண்டரை மடங்குக்கு மேல். தோப்பும் வீடும் உள்ள இடத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

"மூன்றாவது மாடி போதுமான உயரம்தானே?"

போதாது. கட்டடத்தில் மோதும் காற்று கூரைக்கு மேலே சுழன்று கலங்குகிறது. கலங்கிய காற்று இறக்கையைத் தள்ளுவதைவிட அலைக்கழிப்பதுதான் அதிகம். தாங்கிகள் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதிர்வு தளத்துக்குள் இறங்கும், இரவில் படுக்கையறைவரை கேட்கும். 150 மீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள எல்லாவற்றையும்விட இறக்கை 30 அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது இத்துறையின் பழைய விதி. காவிரிக்கரைத் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் அந்த விதிப்படி போனால் கம்பமே 100 அடியைத் தொடும்.

காற்றுக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'வார்விக் காற்றுச் சோதனை' என்ற பெயரில் கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து 2009இல் அறிக்கை வெளியிட்டார்கள். நிறுத்திவைத்திருந்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காற்றாலை சராசரியாக நாளொன்றுக்குத் தந்தது 214 வாட்மணி. ஒரு யூனிட்டில் கால்பங்குகூட இல்லை. சத்தம் தாங்காமல் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டவையும் அதில் உண்டு.

"செங்குத்து அச்சுக் காற்றாலை மெல்லிய காற்றிலும் சுற்றும்"

சுற்றும். ஆலைக் கூரைகளில் டர்போ வென்டிலேட்டர் உருண்டைகள்கூட நாள் முழுக்கச் சுற்றுகின்றன. சுற்றுவது வேறு, சுமையை இழுத்துக்கொண்டு சுற்றுவது வேறு. காற்றில் ஆற்றல் இல்லாதபோது வடிவத்தை மாற்றி அதை வரவழைக்க முடியாது.

லாரிப் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லில் பழைய ஆல்டர்னேட்டரை வைத்துத் தாமே காற்றாலை செய்துபார்க்கலாமே என்ற யோசனையும் வரும். அந்த ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் உருப்படியாகச் சார்ஜ் ஏற்றும். வீட்டுக் காற்றாலை இறக்கையோ சில நூறு சுற்றே சுற்றும். நம் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் குறையில்லை, எடுத்துக்கொண்ட பொருள்தான் இதற்கு ஏற்றதல்ல.

"கரண்ட் போனாலும் காற்று கைகொடுக்கும்"

பேட்டரி இருந்தால் மட்டும். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். சூரிய மின்சாரத்துக்கும் இதே விதிதான்.

சிறு காற்றாலையின் நன்மைகளையும் மறைக்கக் கூடாது. அது இரவிலும் ஓடும், மேகம் மூடிய பருவமழை நாளிலும் ஓடும், குறைந்த இடத்தில் நிற்கும். மின்கம்பி போகாத மலைமுகட்டிலோ திறந்த கடற்கரையிலோ சூரியத் தகடோடு சேர்த்து வைத்தால் பயன் உண்டு. ஆனால் நம் சமவெளியில் கம்பம், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும் செலவுக்கு, நாளைக்கு 1 யூனிட் வரும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 2,200 ரூபாய்கூட மிச்சமாகாது. அதே 1 கிலோவாட் சூரியத் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. மாடிக் காற்றாலைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் ஜவ்வரிசியைக் களத்தில் கொட்டிக் காயவைத்து ஒரு தொழிலையே வளர்த்தவர்கள் நாம். இங்கே வெயிலின் வலிமையைப் புதிதாக யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கொல்லிமலை விளிம்பிலோ ஏற்காட்டு முகட்டிலோ தோட்டவீடு வைத்திருப்பவர்களின் கதை வேறாக இருக்கலாம். அவர்களும் முதலில் இறக்கை நிற்கப்போகும் உயரத்தில் காற்றுமானி கட்டி ஓராண்டாவது அளந்து பார்க்க வேண்டும். விற்பவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும். சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், கயத்தாறு நிலையத்தில் சிறு காற்றாலைகளைச் சோதிக்கிறது. அப்படிப்பட்ட சோதனை அறிக்கை இந்த மாடலுக்கு இருக்கிறதா? வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இது எத்தனை வாட் தரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?