மாசி மாதக் காடு

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் மார்ச்சில் தேனிப் பக்கம் மலையேறப் போகிறோம். மழை இல்லை, பாதை காய்ந்து நன்றாக இருக்கும் என்கிறார்கள். வனத்துறை மூடியிருக்கிறதாம், ஆனால், அனுமதி இல்லாமலே கூட்டிப்போக அங்கே ஒருவர் தயாராக இருக்கிறார். போகலாமா?
- வாசகர், கதிர்காமம், புதுச்சேரி

பதில்: வேண்டாம். பாதை காய்ந்திருப்பதுதான் ஆபத்தே. மாசி, பங்குனியில் நம் மலைகளில் இலை உதிர்ந்து கணுக்கால் அளவு சருகு கிடக்கும். மேல்சரிவுகளில் ஆள் உயரப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும். நெருப்பு சமவெளியில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். கீழே எரியும் தீயின் அனல், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும்; பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். மூச்சிரைக்க ஏறும் மனிதனால் அதை முந்த முடியாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அதே தேனிப் பக்கம், குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தீக்காயத்தோடு மருத்துவமனையில் நாள்கணக்கில் போராடி இறந்தவர்கள். அந்தப் பிள்ளைகளும் உங்களைப் போல விடுமுறைக்கு மலை பார்க்க வந்தவர்கள்தான். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பொதுவாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகளை மூடுவது இதற்காகத்தான். அனுமதி இல்லாமல் போனால் நீங்கள் காட்டுக்குள் இருப்பதே வனத்துறைக்குத் தெரியாது. தீ வந்தால் தேடி வர யாருக்குத் தோன்றும்? 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில், தடை விலகியதும் பதிவு செய்யுங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள்.

எந்தக் காட்டிலும் தீயைக் கண்டால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கோ போய்விடுங்கள். நைலான், பாலியஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே நல்லது.

‘வெள்ளியங்கிரி மலைக்கோயில் பாதை மட்டும் திறந்திருக்கிறதே’ என்று கேட்பீர்கள். ஆமாம், பிப்ரவரியிலிருந்து மே வரை பக்தர்கள் ஏறுகிறார்கள். ஆனால், ஏழு மலை ஏற்றம் இதயத்தைச் சோதிக்கும். மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

மார்ச்சிலேயே கால் பரபரக்கிறதா? செஞ்சிக்குப் போங்கள். திண்டிவனம் வழியாகப் பேருந்திலேயே போய்விடலாம். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்த கோட்டை. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழைய உறவுதான். அங்குள்ள ராஜகிரி மலை உச்சிக்குப் படிகளில் ஏறலாம். சமவெளியிலேயே நடந்து பழகிய கால்களுக்கு அது நல்ல பயிற்சியும்கூட. கோட்டை திறந்ததும் ஏறி, பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள். குரங்கு பிடுங்கும்போது படியில் தடுமாறி விழுந்துவிடுவீர்கள்.