டிராஃப்ட்: ஒரு சொல், நான்கு பொருள்

ஃபீனிக்ஸ் பே துறையில் நிற்கும் கப்பலுக்கும் ஒரு டிராஃப்ட் உண்டு. நம் வங்கி முகப்பிலும் டிராஃப்ட் உண்டு. அரசு அலுவலகக் கோப்பிலும் உண்டு. இவற்றின் வேறுபாட்டை இங்குக் காண்போம்.

'இழுத்தல்' என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையே இச்சொல்லின் வேர். கோட்டை இழுப்பதும் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதும் அவ்வினையின் விரிவுகளே.

1. வரைவு: கடிதம் அல்லது ஒப்பந்தத்தின் முதற்படி. இது திருத்தத்திற்கு உரியது; இறுதி உடன்பாடு அன்று. கடன் ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வந்தால், ஐயங்களைக் கேட்கும் வேளை அதுவே.

2. வரைவோலை: ஒரு வங்கிக் கிளை, குறிப்பிட்டவருக்குப் பணம் தருமாறு மற்றொரு கிளைக்கு இடும் எழுத்துக் கட்டளை. தொகையை முன்னரே செலுத்திவிடுவதால், காசோலையைப் போல இருப்பு இல்லை என்று திரும்புவதில்லை. 2012 ஏப்ரல் 1 முதல் இதன் செல்லுபடிக் காலம் மூன்று மாதங்கள். தீவிலிருந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கல்லூரிக் கட்டணம் அனுப்புவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். காலம் கடந்தாலும் பணம் அழியாது. வழங்கிய கிளையை அணுகிப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

3. மிகைப்பற்று (ஓவர் டிராஃப்ட்): இருப்புக்கு மேல், வங்கி ஒப்பிய வரம்புக்குள் எடுக்கும் தொகை. எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டும் வட்டி. தகுதியுள்ள ஜன் தன் கணக்குகளில் இவ்வரம்பு ரூ.10,000 வரை உண்டு.

4. கப்பலின் டிராஃப்ட்: நீர்மட்டத்திற்குக் கீழே கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழம். முன்புறமும் பின்புறமும் எழுதப்பட்ட எண்கள் அதனைக் காட்டும். சரக்கு ஏற ஏற ஆழம் கூடும். துறையின் நீராழம் அதைவிடக் குறைவாயின் கப்பல் தரைதட்டும். அளவுக்கு மேல் ஏற்றுவதைத் தடுக்கவே கப்பலின் பக்கவாட்டில் பிளிம்சால் கோடு வரையப்படுகிறது. பிரிட்டன் 1876-இல் இதனைச் சட்டமாக்கியது.

இவற்றுள் வாடிக்கையாளர் பெரிதும் மயங்குவது இரண்டாவதும் மூன்றாவதுமே. வரைவோலை நம் பணம், நாம் அனுப்புவது. மிகைப்பற்று வங்கியின் பணம். நாம் திருப்பித் தர வேண்டியது. ஒன்றில் செலவு கட்டணத்தோடு முடியும். மற்றொன்றில் வட்டி நாள்தோறும் ஏறும். படிவத்தில் கையொப்பமிடும் முன் எந்த 'டிராஃப்ட்' என்று ஒருமுறை கேட்டுத் தெளிவதே நலம்.