பீஜ் கிராமத்து டெலிவிஷன் நிலையம்

குஜராத்தின் கேடா ஜில்லாவில் பீஜ் என்னும் கிராமத்தில், 1975ஆம் ஆண்டு ஒரு சிறு டெலிவிஷன் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதன் சக்தி ஒரே கிலோவாட். டெலிவிஷன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. ஆகவே ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்கு அப்பால் படம் தெளிவுறாது.

இதைக் குறையென்று கருதுவோர் உளர். ஆயின், அவ்வாண்டில் செயற்கைக்கோள் ஒன்று ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களை நோக்கிப் பொதுவாகப் பேசிற்று. பீஜ் நிலையமோ தன் ஜில்லாவாசிகளிடம் மட்டுமே, அவர்தம் வட்டார வழக்கிலேயே பேசிற்று. குறைந்த கூலி, தீண்டாமை முதலிய உள்ளூர் விவகாரங்கள் நாடகங்களாயின. கிராமத்தாரே அவற்றில் நடித்தனர். குடிகளின் புகார்களுக்கு அதிகாரிகள் ஊரறிய விடை கூற நேர்ந்தது! பால் கூட்டுறவுச் சங்கங்களில் வைத்த பொதுப்பெட்டிகளின் முன் மாலைதோறும் மக்கள் கூடினர். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் நடத்திய இம்முயற்சி, 1984இல் யுனெஸ்கோவின் கிராமியச் செய்தித்தொடர்புப் பரிசைப் பெற்றது.