ஹெச்.ஓ.ஏ. நீச்சல்குளத்தில் இறங்கும் முன்

அமெரிக்காவில் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, வங்கித் தவணையோடு இன்னொரு செலவும் சேர்ந்தே வரும். ஹெச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சந்தா அது. நீச்சல்குளம், டென்னிஸ் கோர்ட், கிளப்ஹவுஸ், ஜிம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. குளத்தில் ஒரு நாள்கூட இறங்காதவரும் அதே சந்தாவைத்தான் கட்டுகிறார். எனவே தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் இந்தக் குளங்கள் பலவற்றில் லைஃப்கார்ட் கிடையாது. 'உங்கள் சொந்தப் பொறுப்பில் நீந்துங்கள்' என்று ஒரு பலகை மட்டும் இருக்கும். அங்கே காவல் நீங்கள்தான்.

முதல் வேலை, விதிகளைப் படிப்பது. வீட்டைப் பதிவு செய்யும்போது கைக்கு வந்த தாள்கட்டில் சங்கத்தின் மூல ஆவணம் இருக்கும். அது கவுண்ட்டி அலுவலகத்தில் பதிவானது, எளிதில் மாறாது. குளத்துக்கான விதிகள் அப்படியல்ல. பெரும்பாலான சங்கங்களில் நிர்வாகக் குழுவே கூடி அவற்றை மாற்றிவிடலாம். அதனால் வீட்டுத் தரகர் கொடுத்த பழைய நகலை நம்பாமல், சங்கத்தின் மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் இந்த ஆண்டுக்கான விதிகளைக் கேட்டு வாங்குங்கள். திறக்கும் நேரம், எந்த வயதுக்குக் கீழே பிள்ளைகள் தனியாக வரக்கூடாது, ஒரு வீட்டுக்கு எத்தனை விருந்தினர், மீறினால் என்ன அபராதம் என்ற நான்கையும் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது சாவி. வாசற்கதவைத் திறக்கும் கார்டையோ ஃபாபையோ பெற, வீட்டுப் பத்திர நகல், அடையாள அட்டை, குடும்பத்தினர் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். குளிர் மிகுந்த மாநிலங்களில் குளம் வழக்கமாக மே மாதக் கடைசித் திங்களான மெமோரியல் டேயை ஒட்டித் திறந்து, செப்டம்பர் முதல் திங்களான லேபர் டேயோடு மூடப்படும். மே மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். நீங்கள் ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். சந்தா பாக்கி இருந்தால் பல சங்கங்கள் சாவியைச் செயலிழக்கச் செய்துவிடும். வாடகைக்கு இருப்பவர்கள், குளத்தைப் பயன்படுத்தும் உரிமை தமக்கு உண்டா என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டியது. அவர்கள் ஆறு மாதம் தங்குவார்கள். விதியோ விருந்தினர் என்றால் ஒருநாள் வந்து போகிறவரை நினைத்து எழுதப்பட்டிருக்கும். விருந்தினரோடு வீட்டுக்காரர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நீங்கள் வேலையில் இருக்க, தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனால் அது விதிமீறலாகிவிடலாம். அவர்களை வீட்டில் தங்குபவர்களாகப் பதிந்துகொள்ள முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். அனுமதி கிடைத்தாலும் தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

உடை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். உடலை மூடிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு முழுக்கை ராஷ்கார்ட், நீச்சல் துணியில் தைத்த லெகிங்ஸ் எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. பருத்திச் சுடிதாரும் டிஷர்ட்டும் கூடாது. நனைந்ததும் கனத்து ஆளை இழுக்கும். நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு அலசிவிட்டு வாருங்கள். எண்ணெய் வைக்காதவர்களும் இறங்குமுன் ஒரு நிமிடமாவது ஷவரில் நிற்க வேண்டும். குளத்தங்கரையில் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி குளோரின் அதிகமானதால் வருவதல்ல. வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் நெடி. வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை எக்காரணத்தாலும் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

கரையில் நின்று குளத்தின் அடியைப் பாருங்கள். ஆழப் பகுதியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்று யாரும் இறங்க வேண்டாம். மூடி உடைந்திருந்தாலும், இல்லாமலே இருந்தாலும் அப்படித்தான். 2002இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அவள் பெயரால் 2007இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், பாதுகாப்பான வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கியது. குடியிருப்புக் குளங்களுக்கும் அது பொருந்தும். கடைகளில் கிடைக்கும் பரிசோதனைத் தாளால் நீரையும் நீங்களே சோதிக்கலாம்: பிஹெச் 7.0 முதல் 7.8 வரை, குளோரின் குறைந்தது 1 பிபிஎம், வெந்நீர்த் தொட்டியில் 3. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெந்நீர்த் தொட்டி வேண்டவே வேண்டாம்.

இனி மிக முக்கியமானது. அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதுதான். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் நீர்மட்டத்துக்கு வந்து வந்து போகும்; பிறகு சத்தமே இருக்காது. பிறந்தநாள் விழாவில் இருபது பெரியவர்கள் கரையில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பேச்சில் இறங்கிவிடுவார்கள். அதைத்தான் நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை வந்தவர் கையில் போனும் தட்டும் இருக்கக் கூடாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்குப் பெரியவர் கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் பாதுகாப்பல்ல. கடலோரக் காவல்படை அங்கீகரித்த லைஃப் ஜாக்கெட்டையே போடுங்கள்.

மிதவை வளையமும் நீளக் கழியும் எங்கே தொங்குகின்றன என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். 911ஐ அழைத்தால் குளத்தின் முகவரியைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு முகவரியைச் சொன்னால் ஆம்புலன்ஸ் வேறு தெருவில் போய் நிற்கும். ஒருவர் ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்து பிடித்திருக்கட்டும். இடி கேட்டால் எல்லோரும் வெளியேறி, கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கட்டடத்துக்குள் காத்திருங்கள்.

கிளப்ஹவுஸில் சீமந்தமோ பிறந்தநாளோ வைப்பதென்றால் வாடகையும் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். குத்துவிளக்கு, கற்பூரம், சாம்பிராணிக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். புகை அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். விழாவுக்கு முன்பும் பின்பும் அறையைப் படம் எடுத்து வைத்தால் வைப்புத்தொகையில் தகராறு வராது. டென்னிஸ் கோர்ட்டில் கிரிக்கெட் ஆடுவதும் கேட்டுச் செய்ய வேண்டிய காரியமே.

ஏதேனும் விதி பொருந்தவில்லை என்றால் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். உதாரணமாக, சில நேரங்களில் குழந்தைகளுக்குக் குளத்தை மொத்தமாக மூடும் விதி, குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பாகுபாடின்றி நடத்தச் சொல்லும் நியாய வீட்டுவசதிச் சட்டத்தோடு மோதக்கூடும். 1988 திருத்தத்தில் சேர்ந்த பாதுகாப்பு இது. முதியோருக்கென்றே சட்டப்படி அமைந்த குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கூட்டத்தில் பட்ஜெட் வரும்போது, குளத்தைப் புதுப்பிக்கச் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேளுங்கள். அது போதாவிட்டால், பழுது வரும் ஆண்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சிறப்பு வசூல் நோட்டீஸ் வரும்.