தொடங்க மறுக்கும் சேவை

தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்க் கல்லூரிகளில் இன்று மாணவர் பதிவேடுகள் கணிப்பொறியில் உள்ளன. சி-டாக்கின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸை 2007இல் வெளியிட்டது. அத்தகைய சர்வரில் மென்பொருளை நிறுவியபின் சேவை தொடங்காவிடில் யாது செய்வது?

நோயின் மூலத்தை ஆராய்க என வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி இங்கும் பொருந்தும். முதற்கண் பிழைப்பதிவைப் படித்தல் வேண்டும். அதில் முதலில் தோன்றும் பிழையே பெரும்பாலும் மூலம். ஏனையவை அதன் விளைவுகள். 80ஆம் போர்ட்டை வேறொரு சேவை முன்னரே பற்றியிருக்கலாம். அமைப்புக் கோப்பில் ஒரு குறி பிழைத்திருக்கலாம். கோப்புறையைத் திறக்கும் உரிமை அச்சேவைக்கு இல்லாதிருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றையே திருத்தி, மீண்டும் தொடக்கிப் பார்ப்போம். பொறுமையிழந்து தரவுக் கோப்புகளையும் அழித்து மறுபடி நிறுவினால் சேவை எழக்கூடும். படியெடுத்து வைக்காத மதிப்பெண்களோ மீளா.