வாயில்லாப் பூச்சி



எதிர்த்துப் பேசத் தெரியாத அப்பாவியை ‘வாயில்லாப் பூச்சி’ என்று சொல்வது நம் வழக்கம். உண்மையிலேயே உண்ண வாயில்லாத பூச்சி உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன்.

சென்ற விடுமுறையில், கேமரன் மலையிலுள்ள பாட்டி வீட்டுச் சுவரில் ஓர் அட்லஸ் அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது. “பாவம், பசிக்கும்” என்று பாட்டி சீனித் தண்ணீர் கொண்டுவந்தார். அது உண்ணாது என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று தமிழில் விளக்கத்தான் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த ‘கூட்டுப்புழு’ என்ற சொல்கூட, இடைநிலைப்பள்ளியில் எல்லாவற்றையும் மலாயில் படித்ததால், நாவில் வரவில்லை. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அதற்கு, நான் பாடத்திற்காகப் படித்த, அட்லஸின் தென் அமெரிக்க உறவினர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அதன் அறிவியல் பெயர் ரோத்ஸ்சைல்டியா அரிசியா. பிரான்சிஸ் வாக்கர் 1855ஆம் ஆண்டு இதற்குப் பெயரிட்டார். ஆண்டிஸ் மலைத்தொடரில், மேகம் தவழும் காடுகளில் இது வாழ்கிறது. இதன் நான்கு சிறகுகளிலும் செதில் இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பகுதி உண்டு.

முட்டையும் புழுவும்

பெண் பூச்சி இலைகளில் முட்டைகளை ஒட்டி வைக்கும். வெளிவரும் புழு இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களில் வளர்கிறது. மலைக்குளிரில் இவ்வளர்ச்சி மெதுவாகவே நடக்கும்.

கூட்டுப்புழு

முழுதாக வளர்ந்த புழு பட்டு நூலால் கூடு கட்டுகிறது. கூட்டின் ஒரு முனையில் மட்டும் நூலைத் தளர்வாக விடும். அதுவே பின்னாளில் வெளியேறும் வாசல். உள்ளே கூட்டுப்புழுவாக மாறி, சாதகமான பருவம் வரும்வரை காத்திருக்கும். நம் பட்டுச்சேலைக்கு நூல் தரும் பூச்சி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நூல் அறுபடாமலிருக்க, கூட்டுப்புழுவைக் கொன்ற பிறகே நூல் எடுக்கிறார்கள்.

அந்துப்பூச்சி

வெளிவரும் பூச்சியின் வாயுறுப்புகள் சுருங்கிப் பயனற்றுப்போயிருக்கும். புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பே அதற்கு முழு உணவு. பெண் பூச்சி ஒருவகை மணத்தைக் காற்றில் பரப்பும். ஆண் தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் அதை உணர்ந்து தேடி வரும். குளிரிரவில் பறக்குமுன் சிறகுத் தசைகளை நடுங்க வைத்து உடலைச் சூடாக்கிக்கொள்ளும். சுமார் ஒரு வாரத்தில், இணைசேர்ந்து முட்டையிட்டதும், வாழ்வு முடிந்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. பூந்தோட்டம் வைத்தால் தேன் குடிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு உணவு கிடைக்கும். இந்தப் பூச்சிக்குப் பூவால் பயனில்லை. புழு தின்னும் மரம் இருந்தால்தான் அந்துப்பூச்சி இருக்கும். ஆண்டிஸ் காட்டுக்கும் கேமரன் மலைக்கும் இது பொது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் பாட்டிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “பின்னால உள்ள கொய்யா மரத்துல வெள்ளை மாவு பூசின மாதிரி புழு இருக்குடா. மரத்தை வெட்டச் சொல்லியிருந்தேன்” என்றார். அவை அட்லஸ் புழுக்களாக இருக்கலாம் என்றேன்.

மரம் இன்னும் நிற்கிறது. நண்பர்களே, நாம் கற்றதை வீட்டு மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்போமே!